ஈஸ்ட்டில் ரைபோசோம் உருவாவதை ஆராய எந்த வழி? நிறுத்துவதிலும் பார்ப்பதிலும் உள்ள தேர்வுகள்

செல்லுக்கு வேண்டிய புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோமைக் கட்டும் வேலையில் ஒரு புரதம் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், அந்தப் புரதத்தை இல்லாமல் செய்துவிட்டு என்ன நின்று போகிறது என்று பார்க்க வேண்டும். சொல்ல எளிதாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஈஸ்ட்டில் இந்த வேலைக்கு உதவும் புரதங்கள் 200க்கும் மேல், அவற்றில் பெரும்பாலானவை இல்லாமல் செல் பிழைக்காது, ஆகவே ஜீனை அழித்துவிட்டு நிதானமாக ஆராய வழியே இல்லை. உயிரோடு இருக்கும் செல்லில், நாம் சொல்லும் நேரத்தில் அது காணாமல் போக வேண்டும். அதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: வெப்பம் தாங்காத மரபுமாற்றம், காலக்டோஸ் சுவிட்ச், ஆக்சின் டெக்ரான் (ஆக்சின் ஊற்றியதும் புரதத்தைச் சிதைக்க வைக்கும் ஒட்டு), அப்புறம் மருந்து அல்லது செயலிழந்த புரதத்தைப் புகுத்துவது. எதை எடுப்பது, எடுத்த பிறகு எந்தச் சோதனையில் பார்ப்பது, இந்த இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், தனித்தனியாகச் செய்தால் பின்னால் உதைக்கும்.

முதலில் வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. நன்றாக வளரும் ஈஸ்ட் செல் ஒன்றில் சுமார் 2 லட்சம் ரைபோசோம்கள் இருக்கின்றன, செல் ஏறத்தாழ 100 நிமிடத்தில் இரண்டாகிறது, அப்படியானால் நிமிடத்துக்கு 2000 புது ரைபோசோம்கள் வந்தாக வேண்டும். 12ஆம் குரோமோசோமில் 150 அளவில் அடுத்தடுத்து இருக்கும் ஆர்டிஎன்ஏ (ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான ஜீன்) பிரதிகளிலிருந்து பாலிமரேஸ் 1 என்ற நொதி நகலெடுக்கும் நீண்ட 35எஸ் முன்னோடி ஆர்என்ஏ (எஸ் என்பது சுழற்றும்போது படியும் வேகத்தின் அளவு), ஒரு முறை முழுதாக எழுதப்பட 3 நிமிடம்தான் ஆகிறது. பெரும்பாலான நேரம் அது முழுதாக எழுதி முடிப்பதற்குள்ளேயே ஏ2 என்ற இடத்தில் வெட்டுப்பட்டு, முன்பாதி ரைபோசோமின் சிறிய பகுதியாகிய 40எஸ் துணை அலகின் வழியிலும் பின்பாதி பெரிய பகுதியாகிய 60எஸ் வழியிலும் பிரிந்து போய்விடுகிறது. 40எஸ்ஸில் உள்ள 18எஸ் ஆர்என்ஏ சில நிமிடங்களில் தயார், 60எஸ்ஸில் உள்ள 25எஸ், 5.8எஸ் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆக நாம் ஆராய நினைக்கும் நிகழ்வு நிமிடக் கணக்கில் நடக்கிறது. புரதத்தை நிறுத்த நாம் எடுக்கும் வழி மணிக்கணக்கில் வேலை செய்தால், கையில் கிடைப்பது முதல் நிகழ்வு அல்ல, அதன் பேரன் பேத்திகள். நான்கு வழிகளையும் நான் இந்தக் கண்ணோட்டத்தில்தான் எடை போடுகிறேன், மற்ற வசதிகள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

வெப்பம் தாங்காத மரபுமாற்றம் பழைய வழி. 25 டிகிரியில் ஒழுங்காக இருக்கும் புரதம், 37 டிகிரிக்கு மாற்றியதும் செயலிழக்கிறது. இதில் பெரிய லாபம் என்னவென்றால் புரதத்தில் எந்த வாலும் ஒட்ட வேண்டியதில்லை, மாற்றம் ஓரிரு அமினோ அமிலத்தில்தான் இருக்கும், அதோடு இந்த மரபுமாற்றத்தை ஈடுகட்டும் இன்னொரு மாற்றத்தைத் தேடிப் பிடிக்கலாம். இப்படித் தேடிப் பிடிப்பதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. 60எஸ் துணை அலகின் மீது அமர்ந்துகொண்டு 40எஸ் ஒட்டாமல் தடுக்கும் டிஃப்6 என்ற புரதத்தைக் கழற்றுவது எஸ்டிஓ1, இஎஃப்எல்1 இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை. இவை இல்லாத செல் நொண்டிக்கொண்டுதான் வளரும், ஆனால் டிஃப்6இல் பிடிப்பைத் தளர்த்தும் ஒரு மாற்றம் வந்துவிட்டால் வளர்ச்சி திரும்பி வருகிறது. யார் யாரைக் கழற்றுகிறார் என்பதை மரபியலே சொல்லிக் கொடுத்துவிட்டது. மனிதரில் எஸ்டிஓ1இன் இணையான எஸ்பிடிஎஸ் ஜீன் பழுதானால் வரும் ஷ்வாக்மன்-டயமண்ட் நோயில், நோயாளிகளின் இரத்த செல்களில் டிஃப்6க்கு இணையான ஜீனிலேயே ஈடுகட்டும் மாற்றங்கள் தாமாகத் தோன்றுவதும் பின்னர் தெரியவந்தது. இதெல்லாம் எந்த டெக்ரானும் தராது.

ஆனால் முதல் நிகழ்வைப் பிடிக்க இந்த வழி சரிவராது. காரணம், 37 டிகிரி என்பதே ரைபோசோம் வேலையை உலுக்கும் ஒரு மாற்றம்: வெப்பம் ஏறியதும் ரைபோசோம் புரத ஜீன்களின் எழுத்து சிறிது நேரத்துக்குச் சரிந்து பிறகு மீள்கிறது, அதுவும் எந்தப் பழுதும் இல்லாத இயல்பான செல்லில். அப்போது உங்கள் மரபுமாற்ற செல்லில் 35எஸ் ஏறினாலும் இறங்கினாலும் அது எதனால் என்று சொல்ல இயல்பான செல்லையும் அதே நேர இடைவெளிகளில் எடுத்து வைத்திருக்க வேண்டும். பல மரபுமாற்றங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு, ஏற்கெனவே மடிந்து நிலையாக இருக்கும் புரதம் 37 டிகிரியிலும் வேலை செய்துகொண்டே இருக்கும், புதிதாக உருவாகும் புரதம்தான் பாழாகும், அதனால் நிறுத்தம் நினைத்ததைவிட மெதுவாக வரும்.

காலக்டோஸ் சுவிட்ச்தான் இன்றும் அதிகம் பேர் எடுப்பது. ஜீனுக்கு முன்னால் ஜிஏஎல்1 புரமோட்டரை (காலக்டோஸ் இருந்தால் மட்டும் ஜீனை எழுதவிடும் டிஎன்ஏ பகுதியை) வைத்து, காலக்டோஸில் வளர்த்து, பிறகு குளுக்கோஸுக்கு மாற்றினால் எழுத்து நின்றுவிடும். தயாரிப்பது எளிது, கிட்டத்தட்ட எந்த ஜீனுக்கும் வேலை செய்யும், வெளியான பழைய முடிவுகளில் பெரும்பகுதி இதில் வந்தவை என்பதால் ஒப்பிட வசதி. சரி, இதில் என்ன குறை? எழுத்து நின்றாலும் ஏற்கெனவே உள்ள புரதம் எங்கும் போகாது, செல் பிரியப் பிரியப் பங்கு போட்டுக் குறைந்தால்தான் உண்டு. ஒரு பிரிவுக்குப் பாதி என்றால் 5 பிரிவுகளில் 32இல் ஒரு பங்காகும், அதற்கே 8 மணி நேரம் போய்விடுகிறது. ஜிஏஎல்1 வலிமையான புரமோட்டர், தொடக்கத்திலேயே இயல்பைவிட 10 மடங்கு புரதம் இருந்திருந்தால் மேலும் 3 பிரிவுகள் கூட்டிக்கொள்ளுங்கள். இதற்கிடையில் புது ரைபோசோம் வருவது மெல்ல மெல்லக் குறைய, இருக்கும் ரைபோசோம்களும் பங்கு போட்டுக் குறைய, செல் வளர்ச்சியைக் குறைத்து, ரைபோசோம் புரதம் எழுதுவதையும் குறைத்து, வேறொரு நிலைக்கு வந்துவிட்டிருக்கும். 12 மணி நேரம் கழித்து மாதிரி எடுத்தால் நீங்கள் பார்ப்பது உங்கள் புரதம் இல்லாததன் விளைவா, ரைபோசோம் பற்றாக்குறையில் பழகிப் போன செல்லின் நிலையா? இரண்டும்தான், பிரிக்க முடியாது. போதாததற்கு, காலக்டோஸிலிருந்து குளுக்கோஸுக்கு மாறுவது ஈஸ்ட்டுக்கு நல்ல சாப்பாடு கிடைத்த செய்தி, அந்தச் செய்தியே ரைபோசோம் உற்பத்தியை முடுக்கிவிடுகிறது. இயல்பான செல்லுக்கும் அதே மாற்றத்தைச் செய்து பக்கத்தில் வைக்காத காலக்டோஸ் சோதனையை நான் நம்புவதில்லை.

ஆக்சின் டெக்ரான் 2009இல் வந்தது, ஈஸ்ட்டிலும் அப்போதே காட்டப்பட்டது. தாவரத்தின் டிஐஆர்1 புரதத்தை, பெரும்பாலும் நெல்லிலிருந்து எடுத்ததை, ஈஸ்ட்டில் வைத்து, நம் புரதத்தின் வாலில் ஒரு சிறு துண்டை ஒட்டிவிட்டால், ஆக்சின் ஊற்றியதும் அந்தப் புரதம் யுபிக்விட்டின் முத்திரை வாங்கிக்கொண்டு புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமுக்குப் போய்விடும். நன்றாக அமைந்தால் அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி காலி. வெப்பம் மாறவில்லை, சர்க்கரை மாறவில்லை, செல் ஒரு முறைகூடப் பிரிந்திருக்காது, பழைய ரைபோசோம்கள் எல்லாம் அப்படியே இருக்கும். அதாவது செல் பழகிக்கொள்வதற்கு முன்னாலேயே பார்த்துவிடலாம். ரைபோசோம் விஷயத்தில் இந்த லாபத்துக்கு ஈடு வேறு எதிலும் இல்லை.

ஆனாலும் மூன்று இடங்களில் கவனம் வேண்டும், மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, வால் ஒட்டியதே புரதத்தைக் கெடுக்கலாம், ரைபோசோம் முன்னோடித் துகளுக்குள் இடம் அவ்வளவு நெருக்கம், சில புரதங்களின் கடைசி முனை ஆர்என்ஏ மடிப்புகளுக்குள்ளேயே புகுந்திருக்கும், அவற்றுக்கு முன்முனையில் ஒட்ட வேண்டியிருக்கும். ஆக்சின் ஊற்றாமலேயே கொஞ்சம் சிதைவதும் உண்டு. இரண்டு, துகளுக்குள் புதைந்திருக்கும் புரதமும் வெளியே திரியும் புரதமும் ஒரே வேகத்தில் போய்விடும் என்று நம்பிவிடக் கூடாது, ஒவ்வொரு நேரப் புள்ளிக்கும் வெஸ்டர்ன் (புரத அளவைக் காட்டும் சோதனை) போட்டுப் பாருங்கள். மூன்று, ஆக்சின் ஈஸ்ட்டுக்கு அந்நியமான, ஒன்றும் செய்யாத பொருள் இல்லை. நாம் ஊற்றும் ஆக்சினாகிய இண்டோல்-3-அசிட்டிக் அமிலம் டார்க்1 என்ற கட்டுப்பாட்டு நிலையத்தைத் தடுக்கிறது என்று 2021இல் காட்டினார்கள். வேறு எதை ஆராய்பவரும் இதைக் கண்டுகொள்ளாமல் விடலாம், நாம் விட முடியாது, ஏனென்றால் பாலிமரேஸ் 1 முதல் ரைபோசோம் புரத ஜீன்கள் வரை எல்லாவற்றையும் முடுக்கிவிடுவது டார்க்1தான். ராபமைசின் ஊற்றி அதை நிறுத்தினால் ரைபோசோம் உற்பத்தி படுத்துவிடும். ஆகவே டிஐஆர்1 மட்டும் உள்ள, டெக்ரான் ஒட்டாத செல்லிலும் அதே அளவு ஆக்சின் ஊற்றிய மாதிரி கட்டாயம் வேண்டும். இன்னும் நல்லது, 2020இல் வந்த இரண்டாம் தலைமுறை முறைக்கு மாறிவிடுவது: எஃப்74ஜி மாற்றம் கொண்ட டிஐஆர்1, அதற்கு 5-ஃபினைல் ஆக்சின். இதற்கு ஆக்சின் மிகக் குறைந்த அளவே போதும், காத்திருக்கும்போதே சிதைவதும் குறைகிறது.

நான்காவது வழியை மருந்து என்று சொன்னாலும் ஈஸ்ட் ரைபோசோம் கட்டுமானத்துக்குக் கிடைக்கும் குறிவைத்த மருந்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. டயஸாபோரின் இருக்கிறது, சைட்டோபிளாசத்துக்கு வந்த 60எஸ் முன்னோடியிலிருந்து ஆர்எல்பி24 என்ற புரதத்தைப் பிடுங்கி எடுக்கும் டிஆர்ஜி1 புரதத்தை அது தடுக்கும். ரியா1ஐ, ஈஸ்ட்டின் மிகப் பெரிய புரதமாகிய 4910 அமினோ அமில நீள அரக்கனை, பிளவு ஈஸ்ட்டில் (நடுவில் பிளந்து பெருகும் வேறு வகை ஈஸ்ட்) தடுக்கும் ரைபோஸினோஇண்டோல் வகை மருந்துகள் உண்டு. இவை நிமிடங்களில் வேலை செய்யும், மரபணு வேலை எதுவும் வேண்டாம். உங்கள் கேள்வி அந்தப் படியைப் பற்றியதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இல்லாவிட்டால் பயனில்லை. இவ்வளவு வேகமான மருந்திலும்கூட ஒரு பாடம் இருக்கிறது: டயஸாபோரின் ஊற்றினால் சைட்டோபிளாசத்தில் ஆர்எல்பி24 போன்றவை துகளோடு மாட்டிக்கொண்டு உட்கருவுக்குத் திரும்புவதில்லை, திரும்பாததால் உட்கருவில் அடுத்த துகள் கட்ட ஆள் இல்லை, உடனே 60எஸ் வழியின் முன்னோடியாகிய 27எஸ்பி ஆர்என்ஏ வெட்டுப்படுவதிலும் குளறுபடி தெரியத் தொடங்கும். டிஆர்ஜி1ஐ மெதுவாகக் குறைத்துப் பார்த்தவர், அது நியூக்ளியோலஸ் (உட்கருவுக்குள் ரைபோசோம் கட்டத் தொடங்கும் இடம்) புரதம் என்று எண்ணினாலும் குற்றமில்லை.

ஏடிபியைப் பிடிக்கும் ஆனால் பிளக்க முடியாத மாற்றுப் புரதத்தை இயல்பான புரதத்தோடு சேர்த்துச் சில மணி நேரம் மட்டும் உருவாக்கவிடுவதும் இந்த வகையில்தான் வரும். அது துகளை ஒரே கட்டத்தில் உறைய வைக்கிறது. ஏடிபி, ஜிடிபி பிளக்கும் புரதங்களுக்கு மட்டுமே பொருந்தும், ஆனால் அமைப்பைப் படம் பிடிக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

இனி எப்படிப் பார்ப்பது. இங்கேதான் ஆட்கள் அவசரப்பட்டு நேராக நார்தர்னுக்கு (குறிப்பிட்ட ஆர்என்ஏக்களை அளவு வாரியாகக் காட்டும் சோதனை) போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பாலிசோம் படம், அதாவது துணை அலகுகளையும், ஒரே எம்ஆர்என்ஏவில் பல ரைபோசோம்கள் ஏறிய பாலிசோம்களையும் எடை வாரியாகப் பிரித்துக் காட்டும் கோடு. செல்லை எடுக்கும் முன் ரைபோசோம்களை எம்ஆர்என்ஏவிலேயே உறைய வைக்கும் சைக்ளோஹெக்சிமைட் ஊற்றி, ஐஸில் உடைத்து, 10 முதல் 50 சதவீத சுக்ரோஸ் கிரேடியன்ட்டில் சுழற்றி, 254 நானோமீட்டரில் ஓடவிட்டால் வரும் கோட்டைக் கொஞ்சம் நேரம் உட்கார்ந்து பாருங்கள். முதலில் 40எஸ் சிறு மேடு, அடுத்து 60எஸ், பிறகு இரண்டும் சேர்ந்த முழு ரைபோசோமாகிய 80எஸ் உயர்ந்த சிகரம், அப்புறம் அலை அலையாகப் பாலிசோம்கள். 40எஸ் கட்டுமானம் கெட்டிருந்தால் 40எஸ் மேடு கரைந்து, ஜோடி கிடைக்காத 60எஸ் ஓங்கி நிற்கும். 60எஸ் கெட்டிருந்தால் 60எஸ் மேடு தாழ்ந்து, ஒவ்வொரு பாலிசோம் சிகரத்தின் வலது தோளிலும் ஒரு சிறு புடைப்பு வரும், அது அரைமர்: எம்ஆர்என்ஏவில் 40எஸ் ஏறி உட்கார்ந்து 60எஸ் வரும் வரை காத்திருப்பதன் அடையாளம். பயிற்சி இல்லாத கண்ணுக்கு அது இரைச்சலாகத் தெரியும், ஒரு முறை பழகிவிட்டால் அதுதான் முதலில் கண்ணில் படும். மொத்தம் எவ்வளவு 40எஸ், 60எஸ் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மக்னீசியம் இல்லாமல் இன்னொரு கிரேடியன்ட் ஓட்டுங்கள், 80எஸ் எல்லாம் பிரிந்து இரண்டே சிகரங்கள் வரும், விகிதம் உடனே தெரியும்.

டெக்ரானோடு சேர்த்து எடுக்கும்போது மட்டும் ஒன்று நினைவிருக்கட்டும்: அரை மணி நேரத்தில் பழைய ரைபோசோம்கள் அத்தனையும் அப்படியே இருப்பதால் பாலிசோம் படம் கிட்டத்தட்ட இயல்பாகவே இருக்கும். அதைப் பார்த்து ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று மூடிவிடக் கூடாது. பாலிசோம் படம் என்பது சேர்ந்த கணக்கைக் காட்டுவது, ஒன்றிரண்டு பிரிவுகளாவது போக வேண்டும். புது ரைபோசோம்கள் மட்டும் தெரிய வேண்டுமானால் நார்தர்ன் அல்லது கதிரியக்கக் குறியீடு. நிறுத்தும் முறையையும் பார்க்கும் முறையையும் சேர்த்து முடிவு செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

நார்தர்னில் தகவல் அதிகம், ஏமாற்றமும் அதிகம். ஏ2க்கு முன்னும் பின்னும் ஐடிஎஸ்1 பகுதியில் (18எஸ்ஸுக்கும் 5.8எஸ்ஸுக்கும் நடுவில், கடைசியில் வெட்டி எறியப்படுவது) ஒவ்வொரு புரோப் (ஆர்என்ஏவைத் தேடிப் பிடிக்கும் குறியிட்ட துண்டு), ஐடிஎஸ்2 பகுதியில் (5.8எஸ்ஸுக்கும் 25எஸ்ஸுக்கும் நடுவில்) ஒன்று, இவற்றில் 35எஸ், 32எஸ், 27எஸ், 23எஸ், 20எஸ், 7எஸ் எல்லாம் வரிசையாகத் தெரியும். 35எஸ் ஏறி, 23எஸ் தோன்றி, 27எஸ்ஏ2வும் 20எஸ்ஸும் குறைந்தால் ஏ0, ஏ1, ஏ2 வெட்டுகள் தாமதம் என்று பொருள், யூ3 என்ற சிறு ஆர்என்ஏவோடு அமையும் தொடக்கத் துகளாகிய 90எஸ்ஸில் சிக்கல் என்று எழுதத் தோன்றும். எழுத வேண்டாம். இதே படம் 60எஸ் வழியில் வேலை செய்யும் ஏராளமான புரதங்களைக் குறைத்தாலும் வருகிறது, நேரடித் தொடர்பு எதுவும் இல்லாமலேயே. 35எஸ், 23எஸ் இரண்டும் ஒரு ஊருக்கான பொதுவான காய்ச்சல் மாதிரி, என்ன நோய் என்று அது சொல்லாது. சொல்லக்கூடியவை வேறு: 27எஸ்பி குவிந்தால் ஐடிஎஸ்2 வெட்டுக்கு முந்தைய தடை, 7எஸ் குவிந்தால் எக்சோசோம் (ஆர்என்ஏவை முனையிலிருந்து கடித்துக் குறைக்கும் புரதக் கூட்டம்), அதற்கு உதவும் எம்டிஆர்4 பக்கம், 20எஸ் குவிந்தால் சைட்டோபிளாசத்தில் நாப்1 செய்யும் கடைசி வெட்டுக்குச் சிக்கல். இவையும் 30 நிமிட டெக்ரான் மாதிரியில் வந்தால்தான் எனக்கு முழு நம்பிக்கை, 12 மணி நேர காலக்டோஸ் மாதிரியில் வந்தால் பாதி நம்பிக்கை.

நார்தர்ன் காட்டாத ஒன்று உண்டு. முன்னோடி ஆர்என்ஏ உருவாகும் வேகத்திலேயே சிதைக்கப்பட்டால் எதுவும் குவியாது, பட்டை மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். அப்போது மெத்தில் குழுவில் டிரிட்டியம் ஏற்றிய மெத்தியோனைனைச் சில நிமிடம் கொடுத்து, பிறகு சாதாரண மெத்தியோனைனால் துரத்திப் பார்க்க வேண்டும். ரைபோசோம் ஆர்என்ஏவில் மெத்தில் குறிகள் நிறைய என்பதால் புதியவை மட்டும் பளிச்சென்று தெரியும். கைவேலை அதிகம், கதிரியக்க அனுமதி வேண்டும், ஆனால் எந்தப் படியில் நேரம் போகிறது என்பதை நேராகச் சொல்வது இது மட்டும்தான்.

ஒளிரும் ஜிஎஃப்பி ஒட்டிய ரைபோசோம் புரதங்கள் ஆர்பிஎல்25, ஆர்பிஎஸ்3 வைத்து உட்கருவில் ஒளி தங்குகிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது ஒரு மதிய வேலை, ஏற்றுமதிச் சிக்கல் இருக்கிறதா இல்லையா என்று முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அதில் ஆழமில்லை.

பிடித்து இழுக்க உதவும் டேப் வால் ஒட்டித் துகளைப் பிரித்தெடுத்து கிரையோ-ஈஎம்மில் (உறைய வைத்த மாதிரியைப் பார்க்கும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) பார்ப்பது கவர்ச்சியான தேர்வு. 2016க்குப் பிறகு 90எஸ் தொடங்கி கடைசி 60எஸ் வரை பல கட்டங்கள் அணு அளவுக்கு நெருக்கமாக வந்துவிட்டதால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக இதற்கே போக ஆசைப்படுவது புரிகிறது. ஆனால் பிரித்தெடுக்கும்போது கிடைப்பவை துகள்கள் நின்று இளைப்பாறும் இடங்கள், ஓடும் இடங்கள் அல்ல. ஒரு நொடியில் கடந்து போகும் கட்டம் தட்டிலேயே வராது. தூண்டிலாக எந்தப் புரதத்தை வைக்கிறீர்களோ அது தங்கும் காலத்துக்குள் உள்ள எல்லாக் கட்டங்களும் கலந்துதான் வரும். எனவே முதலில் எங்கே நிற்கிறது என்று நார்தர்னில் தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் உறைய வைக்கும் மாற்றுப் புரதத்தையோ டெக்ரானையோ தயாராக்கிக்கொண்டு, பிறகு போவதுதான் சிக்கனம்.

இப்போது முடிவுக்கு வருவோம். புதிய புரதம், ஒன்றும் தெரியாது என்றால்: இரண்டாம் தலைமுறை டெக்ரான், 15, 30, 60 நிமிடங்களில் நார்தர்ன், 3 மணி நேரத்தில் பாலிசோம் படம், ஆக்சின் மட்டும் ஊற்றிய கட்டுப்பாட்டு செல். வால் ஒட்டினால் செல் நோஞ்சானாகிவிடுகிறது என்றால் காலக்டோஸுக்குப் போங்கள், ஆனால் 2, 4, 6, 8 மணி நேரங்களில் எடுத்து, செல் வளர்ச்சி குறையத் தொடங்குவதற்கு முந்தைய புள்ளியில் என்ன மாறியது என்பதை மட்டும் கணக்கில் எடுங்கள். யாரோடு சேர்ந்து வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி என்றால் வெப்பம் தாங்காத அல்லது குளிர் தாங்காத மரபுமாற்றங்கள், அதிலும் குளிர் தாங்காதவை ரைபோசோம் கட்டுமானத்தில் அடிக்கடி கிடைக்கும். ஏடிபி பிளக்கும் புரதமென்றால் செயலிழந்த வடிவமும் கிரையோ-ஈஎம்மும்.

சைட்டோபிளாசத்தில் 40எஸ் கடைசிக் கட்டத்தில் வேலை செய்யும் புரதங்களுக்கு மட்டும் இந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றுவேன். அங்கே மொத்த ஆர்என்ஏவில் 20எஸ் குவிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது பாதிக் கதைதான், அந்த 20எஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மீதி. முதிராத 40எஸ், 60எஸ்ஸோடு சேர்ந்து 80எஸ் போன்ற துகளாக நிற்கலாம், நாப்1 வெட்டாமல் விட்டால் சில சமயம் மொழிபெயர்ப்பு வேலைக்கே போய்விடவும் செய்யும். ஆகவே கிரேடியன்ட்டை ஓட்டி, ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஆர்என்ஏ எடுத்து, எல்லாவற்றையும் ஒரே நார்தர்னில் வரிசையாக ஏற்றி 20எஸ் புரோப் போடுங்கள். பட்டை 40எஸ் குழாயில் நின்றால் ஒரு வகைப் புரதம், 80எஸ் குழாயில் நின்றால் வேறு வகை, பாலிசோம் குழாய்கள் வரை நீண்டால் நீங்கள் தேடுவது வெட்டுகிற புரதத்தையோ, வெட்டுவதற்கு முன் வெளியே விடாமல் காவல் நிற்கிற புரதத்தையோதான்.